ஒரு பிழை போதும்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா கோயிலில் இடம் மாறி உட்காருவாள். மற்ற ஞாயிறுகளில் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு. முதல் ஞாயிறு திருவிருந்து உண்டு. அன்றைக்குக் கடைசி பெஞ்சின் ஓரத்துக்குப் போய்விடுவாள். அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது, எழாமல் இருக்கிறவளின் முழங்காலைத் தாண்டித்தான் மற்றவர்கள் போகவேண்டும். கடைசி பெஞ்சில் தாண்டிப் போக ஆள் குறைவு.

எங்கள் சபையில் யாரோடாவது பிணக்கு உள்ளவர்கள் திருவிருந்து எடுப்பதில்லை என்று ஒரு வழக்கம். யாரும் வாசலில் நின்று தடுப்பதில்லை. பிணக்கை உள்ளே வைத்துக்கொண்டே எடுக்கிறவர்கள் நிறையப் பேர். அம்மாவால் அது முடியாது. போதகர் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார்.

"நேசம்மா, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

"வாயால சொல்லலாம் ஐயரே. உள்ளுக்க இல்லியே. கடவுளுக்க முன்ன முட்டு குத்தி நின்னு பொய் சொல்லச் சொல்லுகியளா?"

போதகர் சாயாவைக் குடித்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

அம்மாவின் பிணக்கு ஞானையன் சித்தப்பாவோடு. அப்பாவின் ஒரே தம்பி. அம்மா கல்யாணம் ஆகி வந்தபோது சித்தப்பா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். தாய் இல்லாத பையன். சோறு போட்டு, சட்டை துவைத்து, பரீட்சைக்குக் காலையில் எழுப்பிவிட்டு வளர்த்தது அம்மாதான். அவருக்குப் பூங்கனி சித்தியோடு கல்யாணம் ஆகித் தனி வீடு போன பிறகும், மரச்சீனிக் கிழங்கு அவித்தால் அம்மா முதலில் அவருக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் போடுவாள்.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஹார்டுவேர் கடை வைத்திருந்தார்கள். சிமெண்ட், கம்பி, பெயிண்ட். விற்பனை வரிக் கணக்கை இனி கம்ப்யூட்டரில்தான் கொடுக்கவேண்டும் என்று வந்தபோது அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கான மென்பொருளை அரசாங்கமே கொடுத்தது. பில்களை ஒவ்வொன்றாக அதில் ஏற்றவேண்டும். மாதம் முடிந்ததும் பாஸ்வேர்டு போட்டுக் கணக்கை மூடவேண்டும். அப்பா இரண்டு விரலால் தட்டுவார். எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்துவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். பாஸ்வேர்டு போடும்போது இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொள்வார்.

"நான்தானப்பா நிக்கேன்" என்று சிரிப்பேன்.

"நீயானாலும் அரசாங்கக் காரியமில்லியா மக்கா" என்பார்.

மூடிய கணக்கை சிடியில் எடுத்து, தக்கலையில் வரித் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சித்தப்பாவின் வேலை.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நோட்டீஸ் வந்தது. கடை வாங்கிய சிமெண்டுக்கும் விற்றதாகக் காட்டிய சிமெண்டுக்கும் பொருந்தவில்லை. மீதி கிட்டங்கியிலும் இல்லை. விற்பனையை மறைத்திருக்கிறீர்கள், அபராதம் கட்டுங்கள் என்று எழுதியிருந்தது.

அப்பா ஒன்றுதான் சொன்னார்.

"நான் எல்லாத்தையும் போட்டேன். கம்ப்யூட்டரு தின்னுட்டு."

வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அப்பா வேண்டாம் என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. மனம் விட்டுப்போய்விட்டது என்று நினைத்தோம். கடையை விற்று அபராதம் கட்டினார். அதன் பிறகு நெஞ்சுவலி என்று படுத்தவர் சரியாக எழுந்திருக்கவில்லை.

அம்மா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் எப்படித் தின்னும்? அதைக் கையில் கொண்டுபோனவன் தின்றிருப்பான். விற்ற பணம் அவன் வீட்டில் இருக்கும்.

அப்பாவைப் பார்க்க சித்தப்பா வந்தார். அம்மா முற்றத்திலேயே மறித்தாள்.

"எங்க வாற? மிச்சம் மீதி உண்டான்னு பாக்கவா?"

"மைனி, நான் ஒண்ணும் செய்யல்ல."

"சிடியக் கொண்டுபோனது ஆரு? நானா? இல்ல, அங்க படுத்துக் கெடக்குற உனக்க அண்ணனா?"

"மைனி, நான் சொல்லுகத கொஞ்சம்..."

"அந்த வாயால என்ன மைனின்னு விளிக்காத. நான் போட்ட சோறு உனக்க வயித்துல கெடந்து எரியட்டு."

நான் உள்ளே அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பேசியது எல்லாம் அறைக்குள் கேட்டது. அப்பா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். கஞ்சிக்கென்று நினைத்துக் கரண்டியைக் கொண்டுபோனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலி என்று நினைத்தேன்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பா குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் மண்ணைக் கீழேயே விட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அம்மா அவர் வீட்டுப் பக்கம் போனதில்லை. கோயிலில் மட்டும் பார்ப்பாள். முதல் ஞாயிறுகளில் சித்தப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து பீடத்துக்குப் போவார்.

"களவு செஞ்சவன் மொத ஆளாட்டுப் போறான் பாத்தியா" என்பாள் வீட்டுக்கு வரும் வழியில். சிறிது தூரம் நடந்து, "மெலிஞ்சு போயிருக்கான்" என்பாள்.

*

பி.எஸ்சி. முடித்துவிட்டுக் கருங்கலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கப் போனேன். பாடம் நடத்துவேன். பாடத்துக்கு வெளியே பேச எனக்கு வராது. பிள்ளைகள் எனக்கு 'மியூட் மிஸ்' என்று பெயர் வைத்திருப்பது தெரியும். சென்டர் யேசுரத்தினம் சாருடையது. அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

அப்பா போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் சார் பத்திரிகையை மேசையில் விரித்துப் போட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பெபிஷா, இத பாத்தியா? வரி சாஃப்ட்வேருக்க சோர்ஸ் கோட அரசாங்கம் வெளிய விட்டாச்சு. ஆருக்கு வேணுமானாலும் எடுத்துப் பாக்கலாம், மாத்தலாம். பிழ கண்டா எழுதிச் சொல்லலாமாம்."

நான் தலையாட்டினேன்.

"நம்ம ரோட்டுல குழி கெடக்குன்னு எத்தன வருஷமாட்டு எழுதிச் சொல்லுகோம். ஒருத்தனும் கேக்கல்ல. இதுல பிழ சொன்னா மட்டும் கேப்பினுமா? ஆனாலும் கொள்ளாம். வரி கெட்டாதவனும் இனி வரி எப்பிடிப் போடுகினும்னு படிச்சிக்கிடலாம்."

அவர் சிரித்தார். நான் பத்திரிகையை எடுத்துப் படித்தேன். புதியது மட்டும் இல்லை, ஆரம்பத்திலிருந்து வந்த எல்லாப் பதிப்புகளையும் வைத்திருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. அப்பாவின் கம்ப்யூட்டரில் இருந்ததும் அதில் ஒன்று.

வீட்டில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அது என்ன சாதனம்?"

"அப்பா கணக்குப் போட்ட புரோகிராம் உண்டில்லியா? இத்தன நாளு கொழம்பு மட்டும் தந்தினும். இப்பம் அத எப்பிடி வச்சினும்னும் காட்டுகினும்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

அம்மா துருவுவதை நிறுத்தினாள்.

"அப்பம், அது அப்பாக்க பில்லத் தின்னுச்சான்னு உனக்குப் பாக்க முடியுமா?"

"பாக்கலாம்."

"தின்னிருந்தா?"

"சித்தப்பா மேல தப்பு இல்லம்மா. அப்பா மேலயும் இல்ல. ஆரு மேலயும் இல்ல."

அம்மா துருவிய தேங்காயைக் கையால் அளைந்துகொண்டே இருந்தாள்.

"அப்பிடி மட்டும் இருந்தா நான் போயி அவனுக்க காலுல விழுவேன்" என்றாள். "உள்ளதாட்டு விழுவேன், கேட்டியா? மூப்பு எளமை பாக்கமாட்டேன். நான் சோறு போட்டு வளத்த பிள்ள அது."

அன்று சாப்பிடும்போது தன் தட்டில் இருந்த மீன் துண்டையும் எடுத்து என் தட்டில் வைத்தாள்.

*

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போன பிறகு சென்டரில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். அடிக்கடி கரண்ட் போகும். யூபிஎஸ் கத்தத் தொடங்கினால் மூடிவிட்டு, வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து படிப்பேன்.

மூலநிரலைப் படிப்பது முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் நடப்பது போல இருந்தது. எழுதியவர்கள் யாரென்று தெரியாது. ஆனால் கவனமாக எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தக் கவனம் பிடிக்கவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் அவர்கள் அயர்ந்திருக்கவேண்டும். பில்கள் அதிகமானால் கடைசிப் பில்லை விட்டுவிடவேண்டும். ஒரே தேதியில் இரண்டு பில் வந்தால் ஒன்றை விழுங்கவேண்டும். பெயரில் புள்ளியோ கோடோ வந்தால் குழம்பவேண்டும். ஒரு பிழை போதும். அது அம்மாவுக்கு ஒரு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

"பாத்தியா?" என்று தினமும் கேட்பாள்.

"பாத்துட்டு இருக்கேம்மா."

"பைய பாரு. அவசரப்படாத" என்பாள். மறுநாளும் கேட்பாள்.

படித்துப் படித்து ஒன்றும் கிடைக்காமல், ஓட்டியே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கடையை விற்றபோது பில் புத்தகங்களையும் துறைக்குக் கொடுத்த கணக்கின் நகல்களையும் அம்மா ஒரு பழைய அரிசி டிரம்மில் போட்டு வைத்திருந்தாள். அதுவரை அதை யாரும் திறக்கவில்லை. குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்ட வீட்டில் அதற்குத் தேவை இருக்கவில்லை.

அந்தப் பழைய பதிப்பை சென்டர் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அப்பாவின் பில்களை ஒன்றுவிடாமல் ஏற்றினேன். கார்பன் நீலத்தில் அவருடைய சாய்ந்த எழுத்து. சென்டரில் யாரும் இல்லாதபோது நானும் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தேன்.

எல்லாப் பில்லும் வந்தன. கூட்டல் சரியாக இருந்தது. எதையும் அது தின்னவில்லை.

பிறகு துறைக்குக் கொடுத்த நகலை எடுத்து வைத்துப் பில்களோடு ஒப்பிட்டேன். அதில் இல்லாத பில்களை பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். பாதியிலேயே பென்சிலை வைத்துவிட்டேன். இல்லாத பில்கள் எல்லாவற்றிலும் வாங்கியவர் பெயர் ஒன்றுதான். 'கோயில் வேலைக்கு.'

அந்த வருடம்தான் எங்கள் பழைய ஓட்டுக் கோயிலை இடித்துவிட்டுப் புதியது கட்டினார்கள். அப்பா கட்டடக் கமிட்டியில் இருந்தார். சிமெண்டும் கம்பியும் எங்கள் கடையிலிருந்து போயின. வரி சேர்க்காமல் கொடுத்திருக்கிறார். வரி சேர்க்காததைக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

ஒரு நிரலுக்குக் கோயில் எது, வீடு எது என்று தெரியாது. இது மனிதர் செய்தது.

அம்மா சொன்னதுபோல சித்தப்பாவே எடுத்திருக்கலாம் என்று ஒரு மத்தியானம் முழுக்க நினைக்க முயன்றேன். கொண்டுபோகிற வழியில், அந்தப் பில்களை மட்டும். அதற்கும் நிரலில் பதில் இருந்தது. பாஸ்வேர்டு போட்டுக் கணக்கை மூடும்போது, எல்லாப் பில்களையும் அந்தப் பாஸ்வேர்டையும் சேர்த்து அது ஒரு எண்ணை உண்டாக்குகிறது. முத்திரை போல. பிறகு யாராவது ஒரு பில்லை எடுத்தாலும் முத்திரை பொருந்தாது, துறையின் கம்ப்யூட்டர் ஏற்காது. அப்பாவின் கணக்குகள் எல்லாம் ஏற்கப்பட்டிருந்தன. அவர் எதை மூடினாரோ அதுவேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கீபோர்டை மறைத்த அந்த இடது கை நினைவுக்கு வந்தது.

பிழை கண்டால் எழுதலாம் என்று ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். முகம் தெரியாதவர்களுக்கு நான் எழுதியதே இல்லை. பில்களில் இருந்த பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டு, நான் செய்த சோதனையையும் இணைத்து, இந்தப் பதிப்பில் பில்கள் விடுபட வாய்ப்பு உண்டா, தயவுசெய்து பாருங்கள் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். சுந்தரராஜ் என்று ஒருவர் பதில் எழுதினார். அந்த மென்பொருளைக் கவனிக்கிறவர்களில் ஒருவர். நல்ல மனிதராக இருக்கவேண்டும். நேரம் எடுத்துப் பார்த்திருந்தார். அப்படி ஒரு பிழை அதில் ஒருபோதும் இருந்ததில்லை, உங்கள் சோதனையை ஓட்டினேன், ஒரு பில்லும் விழவில்லை என்று எழுதியிருந்தார். இதை மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளலாமா? இனி யார் என்ன மாற்றம் செய்தாலும் இந்தப் பில்கள் தானாக ஒருமுறை ஓடி, எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்கும். உங்கள் பெயரைப் போடுகிறோம்.

சேர்த்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம் என்று எழுதினேன்.

*

ஒரு சனிக்கிழமை அம்மா கொல்லையில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். பூனை சுற்றி வந்தது. நான் தண்ணீர் எடுத்து ஊற்றினேன்.

"படிச்சுத் தீந்துச்சா?"

"தீந்துட்டு."

கத்தியைக் கீழே வைத்தாள். என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பம் சொல்லு மக்ளே. கம்ப்யூட்டரா, அவனா?"

அம்மாவின் கேள்வியில் இரண்டு பதில்கள்தான் இருந்தன. மூன்றாவது ஒன்று உண்டென்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. இந்த ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட.

"அம்மா, அப்பா வந்து..."

"அப்பாக்கு என்ன?"

அவள் முகம் அப்படியே நின்றது. இமை அசையவில்லை. கன்னத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"அப்பா சொன்னதுதான் சரி" என்றேன். "கம்ப்யூட்டர்தான்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். மீன் கையோடு தலையில் அடித்துக்கொண்டாள்.

"கடவுளே, அந்தப் பிள்ளைய நான் மண்ணு கூடப் போடவிடல்லியே."

நான் அவள் கையைப் பிடித்துக் கழுவிவிட்டேன். அழுதுகொண்டே மிச்ச மீனையும் உரசினாள். அழுதுகொண்டே குழம்பு வைத்தாள். மரச்சீனி அவித்தாள். தூக்குப்பாத்திரத்தில் ஊற்றி மூடினாள்.

"வா, போவோம்."

"இப்பமா?"

"பின்ன? இனி ஒரு ராத்திரி வச்சிட்டு ஒறங்கச் சொல்லுகியா?"

கடையை விற்றபோது தன் பங்கில் ஒன்றும் மிஞ்சாமல், சித்தப்பா திங்கள்சந்தையில் வேறொருவர் பெயிண்ட் கடையில் வேலைக்கு நின்றார். நாங்கள் போகும்போது அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். விரல் இடுக்கில் நீலப் பெயிண்ட். அம்மா படியேறுவதைப் பார்த்து எழுந்தவர், சட்டையைத் தேடினார்.

அம்மா தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். சித்தப்பா பதறிப்போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மைனி, என்ன செய்யுகிய? எழும்புங்க. ஏட்டி பூங்கனி, இங்க வா."

"மெஷினாம் ஞானையா" என்றாள் அம்மா. "இவ படிச்சுப் பாத்துட்டா. அரசாங்கமே எல்லாத்தையும் தொறந்து வச்சிருக்காம். உனக்க அண்ணன் போட்டத மெஷினு தின்னிருக்கு. நீ ஒண்ணும் செய்யல்ல. நான்தான் பாவி."

சித்தப்பா என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் என்னை ஒருபோதும் பார்த்ததில்லை. நான் பாத்திரத்தின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா மைனி" என்றார். "மெஷினாத்தான் இருக்கும். நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

பூங்கனி சித்தி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு சாப்பிட்டோம். சித்தப்பாவின் தட்டில் அம்மாவே பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "மைனி, நான் பழைய ஞானையன் இல்ல, சுகர் இருக்கு" என்று அவர் சொன்னதற்கு, "சாளை மீனுல என்ன சுகரு, தின்னுலே" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

புறப்படும்போது அம்மாவும் சித்தியும் முன்னால் நடந்தார்கள். கேட்டருகில் சித்தப்பா மெல்லக் கேட்டார்.

"கோயில் பில்லு பாத்தியா?"

"பாத்தேன்."

"ம்."

அவர் விரலில் இருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினார்.

"கோயிலுக்குப் போற சாதனத்துக்கு வரி எதுக்குலேன்னாரு அண்ணன். நான் வேண்டாம்னு சொன்னேன். கேக்கல்ல."

"நீங்க ஏன் அம்மாட்ட சொல்லல்ல சித்தப்பா? அம்மா அவ்வளவு பேசினப்பமும்?"

"அவரே சொல்லுவாருன்னு நெனச்சேன் மக்கா. இன்னைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு. அதுக்குள்ள போயிட்டாரு."

*

அடுத்த முதல் ஞாயிறு அம்மா மூன்றாவது பெஞ்சிலேயே இருந்தாள். தலைக்குக் குளித்து, ஈஸ்டருக்கு உடுக்கிற சேலையை எடுத்து உடுத்தியிருந்தாள். பூங்கனி சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஞானையன் எங்க?"

"மேலுக்குச் சொகமில்லன்னு படுத்துட்டாருக்கா. நேத்து நல்லாத்தான் இருந்தாரு."

"இன்னைக்குப் பாத்தா இந்தச் சீக்கு வரணும்" என்றாள் அம்மா.

எங்கள் வரிசை எழுந்தது. அம்மா என் கையைப் பிடித்தாள். இத்தனை வருடமும் அவளைக் கடைசி பெஞ்சில் விட்டுவிட்டு நான் தனியாகத்தான் பீடத்துக்குப் போய்வந்தேன். இன்று இருவரும் சேர்ந்து போவோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"வா மக்ளே."

"நீ போம்மா."

"ஏன்?"

"தல சுத்துகு."

அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வரிசை நகர்ந்துவிட்டது. முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். என்னைத் தாண்டிப் போனாள். அப்பாவின் சிமெண்டில் கட்டிய பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டு நின்றாள். திரும்பி வந்தபோது அவள் மூச்சில் திராட்சரசம் மணத்தது.

"லேசாட்டு இருக்கு மக்ளே" என்று காதில் சொன்னாள்.

அதற்கு அடுத்த மாதம் நான் நேரமே போய்க் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்த ஞாயிறும் சித்தப்பாவுக்குச் சுகமில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அம்மா என்னை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். கோயிலுக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம். கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிச்சிப்பூ இருந்தது.

"ஏட்டி, உனக்கு ஆருகூட பிணக்கு?"

"ஆருகூடவும் இல்லம்மா."

"எங்கிட்ட மறைக்காத. அஞ்சு வருஷம் அந்த பெஞ்சுல இருந்தவளாக்கும் நான். தல சுத்துனா ஒரு நாளு சுத்தும். சென்டர்ல ஆராவது ஏதாவது சொன்னினுமா? அந்த யேசுரத்தினமா?"

"அவரு பாவம்மா. ஒண்ணும் இல்ல."

"ஆராயிருந்தாலும் சரி, நேருல போயி ஒரு வார்த்த பேசிரு. உனக்குப் பேச வராது, தெரியும். வரல்லன்னாலும் போயி முன்னால நில்லு. நான் போவல்லியா? எனக்குத் தீரல்லியா? மனுஷன் உயிரோட இருக்கும்போ என்னத்துக்குப் பிணக்க வச்சிட்டு இருக்கணும்?"

அவள் என் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"செரி, அப்பாக்குப் பூ வச்சிட்டுப் போவோம், வா."

தோட்டத்தின் இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கல்லறைகளுக்கு நடுவே நடந்து, அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"வாட்டி" என்று கூப்பிட்டாள்.

நான் கேட்டுக்கு வெளியே நின்றேன்.